பாதை ஓடாத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தொழிலாளர் சங்கத்தின் புதிய பிள்ளைகள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். "ஐயா, நீங்க சங்கத்துக்கே வழக்குப் போட்ட ஆளாமே, உண்மையா?" என்று கேட்டார்கள். உண்மைதான். இருபத்தேழு வருடம் பாதையில் வேலை செய்தேன். அதில் இரண்டு வருடம் என் சொந்தச் சங்கத்தின் மேல் மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் பேசினேன். இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஆளுக்கொரு கதையாக இப்போது ஊரில் உலவுவதால், நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் களப்பு என்கிற கடலேரியைக் கடக்கும் பெரிய மிதவையைப் 'பாதை' என்போம். இரண்டு கரைக்கும் இடையே இரும்பு வடம் கட்டியிருக்கும். பாதையில் நிற்கும் இரண்டு தொழிலாளர் அந்த வடத்தைக் கையால் இழுக்க இழுக்கப் பாதை நகரும். ஆட்கள், சைக்கிள், நெல் மூட்டை, சில வேளை மாடும் ஏறும். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. யுத்த காலத்தில் எழுவான்கரை இராணுவத்தின் கையில் இருந்தது, படுவான்கரை ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் கையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே போய்வந்தது எங்கள் பாதை.

1. நோயாளி மணி

படுவான்கரை இறங்குதுறையில் ஒரு மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். பாதையைக் கூப்பிட அதை மூன்று தரம் தட்டுவார்கள். நிறுத்தாமல் தட்டினால் நோயாளி என்று அர்த்தம். நோயாளி மணி கேட்டால் சாப்பிட்ட கை கழுவாமல் ஓட வேண்டும். இது பாதையை நடத்திய அரசாங்கத் திணைக்களம் போட்ட விதியும் அல்ல, சங்கம் போட்ட விதியும் அல்ல. எங்களுக்கு முந்திய பாதைக்காரர்கள் காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

அந்த வருடம் சிறுபோக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்த நாட்களில் நாங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினோம். எங்களில் ஒன்பது பேர் பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிகத் தொழிலாளராகவே இருந்தார்கள். அவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பதே கோரிக்கை. நான் நிரந்தரத் தொழிலாளி. இருந்தாலும் வேலைநிறுத்தத் தீர்மானத்துக்கு முதலில் கை உயர்த்தியவன் நான்தான்.

எங்கள் செயலாளர் மூத்ததம்பி அண்ணன். சங்கத்தைத் தொடங்கியவர் அவர். என்னைத் திணைக்களத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வேலையில் சேர்த்தவரும் அவர்தான். கறாரான மனிதர். முறைப்பட்டியல், அதாவது எந்த நாளில் யார் பாதையில் நிற்பது என்ற லிஸ்டை, அவர்தான் எழுதித் திணைக்களத்தின் மேற்பார்வையாளரான ஓவசியரிடம் கொடுப்பார். ஓவசியர் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைப்பார். சங்கத்துக்கு அவ்வளவு மரியாதை இருந்த காலம்.

வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் பகல். பாதையை எழுவான்கரையில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தோம். காவல் முறை என்னுடையது, திறப்பும் என்னிடம். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். அப்போது அக்கரையில் மணி அடித்தது. மூன்று தரத்தோடு நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை.

வேலைநிறுத்தத்துக்கு முன் எத்தனையோ விஷயம் பேசினோம். பதாகை என்ன நிறம் என்பதற்கே அரை நாள் எடுத்தோம். நோயாளி மணி அடித்தால் என்ன செய்வது என்று ஒருவரும் பேசவில்லை. நானும்தான் பேசவில்லை.

பூட்டைத் திறந்தேன். கச்சான் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அடித்தது. இரண்டு பேர் இழுக்கிற வடத்தைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். அக்கரை போய்ச் சேரும்போது உள்ளங்கைத் தோல் கழன்றுவிட்டது. அங்கே பூமணி என்ற பெண்ணை ஒரு பலகையில் கிடத்தியிருந்தார்கள். வயல் வட்டையில் கதிர் வெட்டும்போது புடையன் பாம்பு கடித்திருந்தது. கால் முழங்கால்வரை வீங்கி, பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"தம்பி, கெதியா எடுங்க. மனிசி பேசவும் ஏலாமக் கிடக்கா" என்றார் அவளுடைய புருசன்.

பலகையைத் தூக்கி ஏற்றினேன். நான் ஏற்றியது அவளையும் புருசனையும்தான். ஆனால் மூன்று நாளாகப் பாதை இல்லாமல் துறையடியில் காத்துக் கிடந்த சனம் அவ்வளவும் பின்னாலேயே ஏறிவிட்டது. சைக்கிள், நெல் மூட்டை, ஒருவரிடம் இரண்டு கோழியும் இருந்தன. "இறங்குங்க, வேலைநிறுத்தம்" என்று சத்தம் போட்டேன். ஒருவரும் அசையவில்லை. இறக்கிக்கொண்டு நின்றால் பூமணி செத்துப்போவாள். வடத்தைப் பிடித்தேன். ஏறியவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். வரும்போது காற்றும் எங்கள் பக்கம்.

இந்தக் கரையில் மூத்ததம்பி அண்ணன் அப்போதுதான் சாப்பிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவர் துறையடிக்கு வந்து சேருமுன்பே பலகையில் கிடந்த பூமணியை இறக்கி வான் வண்டி ஒன்றில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவர் கண்ணுக்குப் பட்டது அதற்குப் பிறகு இறங்கியவர்கள். சைக்கிளும் மூட்டையும் கோழியும் வரிசையாக இறங்கின.

"என்ன பரசு இது? சந்தைக்கா ஓடின நீ?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

பூமணி பிழைத்தாள். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்குப் போனாள்.

2. நான் எழுதிய இரண்டு வரி

பாதையில் ஒரு மரப்பெட்டி உண்டு. அதற்குள் லொக் புத்தகம் இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம், ஆட்கள், வாகனம் எல்லாம் எழுத வேண்டும். எழுதாமல் நான் ஒருநாளும் கரையில் கால் வைத்ததில்லை. அன்றைக்கும் பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன். பகல் பன்னிரண்டு நாற்பது, மேற்கிலிருந்து. நோயாளி ஒருவர், ஏனையோர் பத்தொன்பது, சைக்கிள் நான்கு.

அடுத்த நாள் ஓவசியர் வந்து அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். மேலிடத்துக்கு அறிவித்தார். பாதை ஓடியிருக்கிறது, எனவே இது முழு வேலைநிறுத்தம் அல்ல, பேச்சுவார்த்தைக்கு வர அவசியமில்லை என்று திணைக்களம் சங்கத்துக்குக் கடிதம் போட்டது. ஒன்பது பேரின் நிரந்தர நியமனம் அந்த இரண்டு வரியில் தடக்கி விழுந்தது.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. சங்கத்துக்கு என்மேல் வந்த கோபம் நியாயமான கோபம். அந்த ஒன்பது பேரில் ஒருவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

வேலைநிறுத்தத்தின் ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எழுவான்கரை வாசிகசாலையில் சங்கத்தின் விசேட பொதுக்கூட்டம் நடந்தது. எனக்கு அறிவித்தல் வரவில்லை. கூட்டம் நடந்ததே எனக்குத் தெரியாது. மாலை ஒருவர் கடிதம் கொண்டுவந்து தந்தார். "பதினேழு உறுப்பினர் சமுகமளித்த கூட்டத்தில், வேலைநிறுத்தத்தை முறியடித்த குற்றத்துக்காகத் தங்களைச் சங்கத்திலிருந்து நீக்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. கீழே மூத்ததம்பி அண்ணனின் அழகான கையெழுத்து.

முதலில் அழுதேன். பிறகு எண்ணினேன்.

சங்கத்தில் நாங்கள் இருபத்திரண்டு பேர். எழுவான்கரையில் பன்னிரண்டு, படுவான்கரையில் பத்து. எழுவான்கரையில் என்னைக் கழித்தால் பதினொருவர். அப்படியென்றால் மிச்ச ஆறு பேர் அக்கரையிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் பாதைதான் ஓடவில்லையே. தோணியில் களப்பைக் கடப்பதை அந்த மாதம் இராணுவம் முற்றாகத் தடை செய்திருந்தது. பறந்தா வந்தார்கள்?

நான்கு நாள் கழித்து வேலைநிறுத்தம் ஒன்றும் கிடைக்காமலே முடிந்தது. புதிய முறைப்பட்டியலில் என் பெயர் இல்லை. ஓவசியரிடம் போனேன்.

"சங்கம் தாற லிஸ்ட்டுலதான் நான் ஆள் போடுற. அதுல பேர் இல்லாட்டி நான் ஒண்டும் செய்ய ஏலா பரசுராமன். உங்கட ஆக்களோட பேசி முடிங்க" என்றார்.

சங்கம் போனதோடு வேலையும் போயிற்று.

3. லோயர் சேர்

என்னைப் பிடிவாதக்காரன் என்பார்கள். பொய்யில்லை. என் மனைவி செல்வராணி அன்று இரவெல்லாம் சொல்லிப் பார்த்தாள்.

"சங்கத்துக்கே வழக்குப் போடப்போறயளா? அவங்க உங்கட ஆக்கள்தானே. ஊர்ல நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு ஆர் வருவாங்க?"

"என்ட ஆக்கள் என்டபடியாத்தான் போறன். பிற ஆக்கள் என்டா விட்டிருப்பன்" என்றேன்.

காத்தான்குடியில் ஒரு சட்டத்தரணி இருந்தார். தொழில் வழக்குகளில் பெயர் பெற்றவர். நாங்கள் எல்லோரும் லோயர் சேர் என்போம். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போகத் தயங்கிய நாட்கள் அவை. என்னைத் தெரிந்த ஒரு புடவைக் கடைக்காரர் கூட்டிக்கொண்டு போனார். லோயர் சேர் என் கதையைக் கேட்டுவிட்டுக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"இதத் தொழில் நியாயசபைக்குக் கொண்டு போக ஏலா தம்பி. அது வேல தாறவருக்கும் தொழிலாளிக்கும் உள்ள இடம். ஒங்கட சண்ட சங்கத்தோட. மாவட்டக் கோட்டுலதான் போடணும்" என்றார். பிறகு யோசித்து, "ஒரு லேசான வழி இரிக்கி. லிஸ்ட்டுல பேர் இல்லண்டு வேலய நிப்பாட்டினது திணைக்களம். அவங்களுக்கு எதிராப் போட்டா நட்டஈடு எடுக்கலாம். சங்கத்த விட்டுருங்களேன்" என்றார்.

"எனக்கு நட்டஈடு வேணா சேர். பாதை வேணும். சங்கமும் வேணும்."

"ஒங்களத் தொரத்தின சங்கமா?"

"அந்தச் சங்கத்துட பேர்ப்பலகைய சுவத்துல ஆணி வச்சு அடிச்சதே நான்தான் சேர்."

அவர் சிரிக்கவில்லை. சங்கத்தின் யாப்பைக் கொண்டுவரச் சொன்னார். யாப்பு என்றால் சங்கம் பதிவு செய்யும்போது ஒப்படைத்த விதிகள். என்னிடம் ஒரு பிரதி இருந்தது. ஒரு உறுப்பினரை நீக்குவதானால் பதினான்கு நாள் எழுத்து மூல அறிவித்தல் கொடுக்க வேண்டும், அவர் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும், மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இருபத்திரண்டு பேருக்குப் பதினைந்து. பதினைந்துக்குக் குறைந்தால் கோரம் இல்லை, தீர்மானமும் இல்லை.

இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யாப்பை வாசியுங்கள். அதை எழுதிய நாங்களே வாசிக்கவில்லை.

4. சவாரிக்காரன்

சத்தியக்கடதாசி என்ற உறுதிமொழிப் பத்திரம் முடித்து வழக்கைப் பதிந்தோம். வழக்கு இரண்டு வருடம் இழுபட்டது. ஒரு வழக்குத் தவணைக்கு இராணுவச் சுற்றிவளைப்பு, நான் வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு வெயிலில் நாலு மணித்தியாலம் நின்றேன். இன்னொரு தவணைக்கு ஹர்த்தால். இன்னொன்றுக்கு நீதிபதி வரவில்லை. அதற்கிடையில் வீச்சுவலை எறிந்தேன், மண்டூர்ப் பக்கம் போய் வேளாண்மை வெட்டினேன்.

மண்டூருக்குப் போக எங்கள் பாதையில்தான் ஏற வேண்டும். முதல் நாள் சவாரிக்காரனாக ஏறினேன். பாதை புறப்பட்டதும் என்னையறியாமலே கை வடத்துக்குப் போய்விட்டது. அன்று முறையில் நின்ற ஒருவன், நான் வேலை பழக்கிக் கொடுத்தவன், "விடுங்க அண்ணன். சவாரிக்காரர் தொடக் கூடா" என்றான். அவன் கெட்டவன் அல்ல. அவனுக்கும் பயம். நான் கையை எடுத்துவிட்டு மூட்டைகளோடு போய் நின்றேன். இரண்டு வருடத்தில் என்னை உண்மையிலே உடைத்தது அந்த ஒரு நாள்தான்.

பாதையில் என்னோடு வடம் இழுத்த சோடி சாமித்தம்பி. படுவான்கரைக்காரன். சங்கத்தின் கூட்டறிக்கைப் புத்தகத்தை நீதிமன்றம் கேட்டு எடுத்தபோது, கூட்டத்துக்கு வந்ததாக எழுதியிருந்த ஆறு அக்கரைப் பெயர்களில் அவன் பெயரும் இருந்தது. அவனிடம் போய்க் கேட்டேன்.

"நான் வரல்ல மச்சான். பாதை இல்லாம எப்பிடி வாற?" என்றான்.

"கோட்டுல வந்து சொல்லுவியா?"

அவன் அந்த ஒன்பது தற்காலிகத் தொழிலாளரில் ஒருவன் என்பதை நினைத்துப் பாருங்கள். என்னால் நியமனம் போனவன்.

"உனக்காகச் சொல்ல மாட்டன். உன்னோட எனக்குக் கோவம் இரிக்கி. ஆனா நான் இல்லாத இடத்தில என்ட பேரில கை தூக்க ஒருத்தருக்கும் ஏலா. அதுக்காக வாறன்" என்றான்.

5. சாட்சிக்கூடு

விசாரணை நாளன்று அந்த ஆறு பேருக்கும் அழைப்பாணை போயிருந்தது. ஆறு பேரும் காலையில் முதல் பாதையில் வந்து, எழுவான்கரையில் இராணுவக் காவல் சென்ட்ரியில் பதிந்து, நீதிமன்றத்தின் பின் வாங்குப் பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

முதலில் நான். என்னைச் சங்கத்தின் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்தார். பத்தொன்பது பேரை ஏற்றினீர்களா என்று கேட்டார். ஏறினார்கள் என்றேன். அப்படியானால் பாதையை ஓட்டினீர்கள் என்றார். ஓம் என்றேன். மூத்ததம்பி அண்ணன் தலையை ஆட்டினார். பொய் சொல்ல மாட்டான் என்று அவருக்குத் தெரியும்.

பிறகு சாமித்தம்பி. "அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நீர் வந்தீரா?" என்று லோயர் சேர் கேட்டார்.

"நான் வரல்ல ஐயா. பாதை ஓடல்ல."

"உமது பெயர் எழுதியிருக்கிறதே?"

"பேர் வந்திருக்கும். நான் வரல்ல."

நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கடைசியாக மூத்ததம்பி அண்ணன் கூட்டில் ஏறினார். வெள்ளை வேட்டி, வெள்ளை நசனல் சட்டை. லோயர் சேர் லொக் புத்தகத்தை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைக் காட்டினார். ஒரு ஓட்டமும் எழுதியிருக்கவில்லை. என்னைக் கவிழ்த்த அதே புத்தகம்தான்.

"செயலாளர் அவர்களே, அன்று பாதை ஓடவில்லை, அப்படித்தானே?"

"ஓடல்ல."

"ஓடாமல் நிறுத்தியது யார்?"

"சங்கம்."

"அப்போ இந்த ஆறு பேரும் எப்படி வந்தார்கள்?"

அண்ணன் லொக் புத்தகத்தின் வெறும் பக்கத்தைப் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அந்தக் கணத்தில்தான் பிடிபட்டது. கூட்ட நாட்களில் அவர் காலையிலேயே வீட்டிலிருந்து வரவுப் பட்டியலை எழுதிக்கொண்டு வந்துவிடுவார். அக்கரைக்காரர் எட்டு மணிப் பாதையில் வருவார்கள், யார் யார் வருவார்கள் என்பதும் அவருக்கு மனப்பாடம். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். அன்றைக்கும் கை தன்பாட்டில் எழுதியிருக்கிறது. பாதையை நிறுத்தியதே தான் என்பதை மறந்து, பாதையில் வருகிறவர்களின் பெயரை எழுதியிருக்கிறார். களவு அல்ல. பழக்கம். நான் வேலைநிறுத்தத்தில் லொக் எழுதியது போலத்தான்.

சங்கத்தின் சட்டத்தரணி கெட்டிக்காரர். தன் முறை வந்ததும் எழுந்து மெதுவாகக் கேட்டார்: "களப்பைக் கடக்கப் பாதை மட்டும்தானா வழி? தோணியும் இருக்கிறது. அந்த ஆறு உறுப்பினரும் அன்று தோணியில் வந்திருக்கலாம் அல்லவா?"

அண்ணன் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கோரம் சரியாகிவிடும், தீர்மானம் நின்றுவிடும். அறிவித்தல் தராததற்கு வேலைநிறுத்த அவசரம் என்று காரணம் காட்டத் தயாராக இருந்தார்கள். சாமித்தம்பி சொன்னதை என் சோடியின் சாட்சி என்று தள்ளிவிடலாம், மற்ற ஐந்து பேரும் கூட்டில் ஏறவில்லை. அவர் பன்னிரண்டு வருடம் கட்டிக் காத்த சங்கம் வழக்கில் வெல்லும்.

ஆனால் தோணி என்று சொன்னால் அது பதிவாகும். தடை இருந்த மாதத்தில் ஆறு பேர் அக்கரையிலிருந்து தோணியில் வந்தார்கள் என்று, பெயரோடு, நீதிமன்றப் புத்தகத்தில் ஏறும். அதை வாசிக்க வேண்டியவர்கள் வாசிப்பார்கள். பிறகு அந்த ஆறு பேரும் சென்ட்ரியைத் தாண்டி வீட்டுக்குப் போவார்களா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அந்த நாட்களில் அதைவிடச் சின்னக் காரணத்துக்குப் பிடிபட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

அண்ணன் பின் வாங்கைப் பார்த்தார். ஆறு பேரும் அவரைப் பார்த்தார்கள். சாமித்தம்பி கையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தான்.

"இல்ல ஐயா" என்றார் அண்ணன். குரல் தெளிவாக இருந்தது. "ஒருத்தரும் தோணியில வரல்ல. ஒருத்தரும் வரவே இல்ல. அவங்கட பேரக் காலையில வீட்ட இருந்து நான் எழுதின. பிழை என்ட."

சங்கத்தின் சட்டத்தரணி தன் கதிரையில் இருந்துவிட்டார். நீதிபதி எழுதினார்.

வெளியே தேத்தண்ணிக் கடையடியில் அண்ணன் தனியாக நின்றார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கிட்டப் போனேன்.

"நினைச்சதச் சாதிச்சிற்றாய்" என்றார்.

"ஆறு பேரும் வீட்ட போறாங்க அண்ணன்."

"அதுக்குத்தான் சொன்ன. உனக்காக இல்ல" என்றார்.

அவர் சொன்னதையும் சாமித்தம்பி சொன்னதையும் பாருங்கள். எனக்காக ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் என் சங்கத்தில் இப்படிப்பட்ட மனிதர்கள் இருந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

6. களப்பின் நடுவில்

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. அறிவித்தல் இல்லை, விளக்கம் கேட்கவில்லை, கோரம் இல்லை, எனவே நீக்கிய தீர்மானம் செல்லாது என்று நீதிபதி சொன்னார். நான் செய்தது சரி என்று அவர் சொல்லவில்லை. அதை முறையாகக் கூடி விசாரிக்க வேண்டியது சங்கம் என்றார். ஊரில் பலர் நான் எல்லாவற்றிலும் வென்றதாகச் சொல்கிறார்கள். அப்படியில்லை. என்னை முறைப்படி விசாரிக்கும் உரிமையைத்தான் நான் வென்றேன்.

அடுத்த கூட்டத்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. எழுவான்கரையில் வைத்தால் அக்கரைக்காரருக்குச் சங்கடம், அக்கரையில் வைத்தால் எங்களுக்கு. அண்ணன்தான் சொன்னார், "பாதையிலேயே வைப்பம். நடுக்களப்பில நிப்பாட்டினா இரண்டு கரையும் ஒண்டுதான்."

சென்ட்ரியில் அனுமதி கேட்கப் போனோம். மொழிபெயர்த்துச் சொன்னவர் சொன்னதை அதிகாரி நம்பவில்லை. "தண்ணியில மீட்டிங்கா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். கடைசியில் ஒரு மணித்தியாலம் தந்தார். அந்த ஒரு மணித்தியாலமும் கரையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இருபத்திரண்டு பேரும் ஏறினோம். நடுக்களப்பில் வடத்தோடு பாதையைக் கட்டினோம். பதினான்கு நாள் அறிவித்தல் எனக்கு ஒழுங்காகத் தந்திருந்தார்கள். என் பக்கத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

"நோயாளி மணி அடிச்சா நாளைக்கும் போவன். அதுல மன்னிப்புக் கேக்க மாட்டன். ஆனா பூமணிக்குப் புறகு ஏறின பத்தொன்பது பேரும் என்ட பிழை. ஏறுற பலகைக்குக் குறுக்க ஒரு ஆள் நிண்டிருந்தா ஏறியிருக்க மாட்டாங்க. ஒருத்தரையாவது கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கணும். என்னால ஒன்பது பேருக்கு நியமனம் தள்ளிப்போச்சு. அதுக்கு உங்கள் எல்லார்ட்டயும் மன்னிப்புக் கேக்கிறன்" என்றேன்.

வாக்கெடுப்பு நடந்தது. நான் வாக்களிக்கவில்லை. மிச்ச இருபத்தொருவரில் ஆறு பேர் என்னை நீக்க வேண்டும் என்றார்கள், பதினைந்து பேர் எழுத்து மூலம் எச்சரித்தால் போதும் என்றார்கள். அந்தப் பதினைந்தில் சாமித்தம்பியின் கையும் இருந்தது. தீர்ப்பின் பிரதியையும் எச்சரிக்கைக் கடிதத்தையும் ஒரே கோப்பில்தான் வைத்திருக்கிறேன். இரண்டும் எனக்கு ஒரே பெறுமதி.

அதே கூட்டத்தில் யாப்பில் ஒரு விதியைச் சேர்த்தோம். வேலைநிறுத்தத்திலும் நோயாளி மணிக்குப் பாதை போகும், இரண்டு உறுப்பினர் போவார்கள், ஒருவர் வடத்தில், ஒருவர் ஏறுபலகைக்குக் குறுக்கே. அடுத்த வருடம் மறுபடி வேலைநிறுத்தம் செய்தோம். இரண்டு தரம் நோயாளி மணி அடித்தது. இரண்டு தரமும் பலகைக்குக் குறுக்கே நின்றவன் நான்தான். நோயாளியையும் கூட வந்தவரையும் தவிர ஒரு கோழிகூட ஏறவில்லை. திணைக்களத்துக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்பது பேரும் நிரந்தரமானார்கள்.

சங்கத்தோடு சண்டை பிடிக்க நேர்ந்தால் பிடியுங்கள். ஆனால் வெளியே போவதற்காகப் பிடிக்காதீர்கள், உள்ளே நிற்பதற்காகப் பிடியுங்கள். உங்களை எதிர்த்துக் கை உயர்த்துகிறவனோடு நாளைக்கு ஒரே வடத்தை இழுக்க வேண்டியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

அன்றைக்குப் பாதையில் புதிய செயலாளரைத் தெரிவு செய்வதற்கும் நேரம் வந்தது. வழக்கில் வென்றவன் என்று யாரோ என் பெயரைச் சொன்னார்கள். நான் எழுந்து மூத்ததம்பி அண்ணனின் பெயரைப் பிரேரித்தேன். சாமித்தம்பி ஆமோதித்தான், கூட்டம் ஏற்றுக்கொண்டது. அண்ணன் கூட்டறிக்கைப் புத்தகத்தை எடுத்தார். வரவுப் பக்கம் வெறுமையாக இருந்தது. வீட்டிலிருந்து ஒரு பெயரும் எழுதிக்கொண்டு வரவில்லை.

"இனி ஆளக் கண்டு, குரலக் கேட்டுத்தான் எழுதுவன்" என்றார்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் அக்கரைக்காரர் பத்துப் பேர், பிறகு எங்கள் கரையில் பதினொருவர். எல்லோரையும் எழுதி முடித்துவிட்டுப் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பரசுராமன்."

"வந்திருக்கன் அண்ணன்" என்றேன்.

அவர் எழுதினார்.